கரித்தடம்

அகில உலகமும் செவிசாய்க்க வேண்டிய அறிவிப்பு ஒன்று, ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், பசுவந்தனைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வெளியிடப்பட்டது. பூமி சூடாகிறது, பனிமலைகள் உருகுகின்றன, ஆகவே வியாழக்கிழமை ஒரு பேராசிரியர் வீடு வீடாக வந்து கார்பன் தடத்தை, தூய தமிழில் கரித்தடத்தை, அளப்பார், பொதுமக்கள் தத்தம் வீட்டில் அதை உடனே குறைத்துக்கொள்ள வேண்டும்.

கார்பன் இரைச்சலில் போய்விட்டது. தூய தமிழ் மட்டும் முத்துசெல்வியின் காதில் விழுந்தது. அவள் தரையைப் பார்த்தாள். மழையில் நனைந்த கரிசலை மிதித்து வந்த கால்களின் தடங்கள் வீடு முழுக்கக் கறுப்பாகக் கிடந்தன. மற்றவர்கள் தடம் யாருடையது என்று சொல்ல முடியாது. அவளுடையதை ஊரே சொல்லும்: வலது பாதம் முழுசாக, சின்ன வயதில் சூம்பிப்போன இடது, இழுத்த கோடாக.

"தடம் கிடந்தா மீட்டரப் புடுங்கிட்டுப் போயிருவாவளாம்ட்டி," என்றாள் பக்கத்து வீட்டு ராமலட்சுமி, நேரில் பார்த்துவிட்டு வந்தவள்போல.

முத்துசெல்வி மூலையிலிருந்த தையல் மெஷினைப் பார்த்தாள். புதியம்புத்தூரிலிருந்து வெட்டி வரும் நைட்டிகளை அவள் தைப்பது மோட்டார் வைத்த மெஷினில். கரண்ட் போனால் காலால் மிதிக்க வேண்டும். மிதிக்கிற கால் அவளிடம் இல்லை.

இரண்டு நாள் கழுவினாள். தண்ணீருக்கு மோட்டார் ஓடியது. தரை காய ஃபேன் ஓடியது. கறை மிச்சமிருக்கிறதா என்று பார்க்கப் பட்டப்பகலில் லைட்டும் எரிந்தது. தெருவில் பைக் சத்தம் கேட்டாலே கை துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஆடு மேய்த்துவிட்டு வந்த புருஷன் அய்யாத்துரை வாசலில் நிறுத்தப்பட்டான்.

"ஏட்டி, என் வீட்டுக்குள்ள நான் வரக்கூடாதா?"

"அங்கனயே நில்லுங்க. ஒரு தடம் விழுந்துச்சு, நம்ம பொழப்பு போச்சு."

"அப்பம் ஆட்டுக்கும் செருப்பு வாங்கிருவமா?"

அவள் சிரிக்கவில்லை. சோற்றை வாசலிலேயே வைத்தாள்.

வியாழக்கிழமை பேராசிரியர் காரில் வந்தார். அவள் இடது காலைச் சேலைக்குள் மறைத்து உட்கார்ந்தாள்.

"பிளேன்ல போயிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"ஏசி?"

"இல்ல சார்."

"கார்?"

"ஐயோ, இல்ல சார்!"

ஒவ்வொரு இல்லைக்கும் அவர் முகம் சுருங்கியது. குறைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அவளோ மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள்.

"சார், ரெண்டு நாளாக் கழுவிட்டேன். எங்காலு இப்படித்தான் இழுக்கும். மீட்டர மட்டும் எடுத்துராதீங்க சார்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தண்ணிய மிச்சம் பண்ணுங்கம்மா. வேண்டாத லைட்ட அணைங்க. பூமி நம்ம வீடு," என்று சொல்லிவிட்டு, எதையோ எழுதிக்கொண்டு எழுந்து போனார்.

முத்துசெல்வி குனிந்து பார்த்தாள். வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும், நாற்காலியிலிருந்து வாசல் வரைக்கும், பட்டை பட்டையாகப் பெரிய பூட்ஸ் தடம், ஈரக் கரிசலில். அளந்து முடித்துவிட்டாரா, அளக்கிற ஆள் பின்னால் வருகிறாரா? எட்டிப்போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டாள்.

பேராசிரியர் ராமலட்சுமி வீட்டுக்குள் நுழைந்திருந்தார். அவருடைய கார், வந்ததிலிருந்து, அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.