தொண்ணூற்றேழு சென்டிமீட்டர்

மூன்று நாள் வீசிய புயல் சனிக்கிழமை விடியலில் ஓய்ந்தது. எங்கள் விடுதி உணவறையில் ஆறு பேர் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் கைபேசியுமாக உட்கார்ந்திருந்தார்கள். புயல் எங்கே பனி கொட்டுகிறதோ அங்கே சறுக்குப்பலகைகளோடு போய் இறங்குகிற கூட்டம்.

“தெற்குப் பக்கம் அம்பது சென்டியாம். ஆனா ஈரமாம், சிமென்ட் கலவை மாதிரி ஒட்டுதாம்,” என்றாள் இலோனா. பெரும்பாலும் அவள் சொல்கிற இடத்துக்குத்தான் மற்றவர்கள் போவார்கள்.

“என் மச்சான் ஊர்ல நாப்பதாம்,” என்றான் ஃபெர்டி.

“உன் மச்சான் வெளிய போய்ப் பார்த்தானா, போர்வைக்குள்ள இருந்தே சொன்னானா?”

“சரி விடு. மலைக்கு அந்தப் பக்கம் கிராப்பாக்ல எழுபதாம். இங்க எவ்வளவுங்க ஐயா?” என்று ஃபெர்டி என் பக்கம் திரும்பினான்.

அதற்குப் பதில் சொல்வது முக்ஸெல் குடும்பத்தின் உரிமை. என் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊரில் பனியை அளப்பவர்கள் நாங்கள். கிராப்பாக்கில் அளப்பவன் கெப்ஹார்ட். இரண்டு ஊர் அளவையும் எட்டு மணிக்கு வானொலிக்குச் சொல்பவனும் அவன்தான். ஒன்பது வருடமாக அவன் ஊர் அளவே பெரிது. தேவாலய வாசலில் பார்த்தால்கூட அதைச் சொல்லிக்காட்டாமல் போகமாட்டான்.

புயலுக்கு முன் ஒரு வெள்ளைப் பலகையைத் தரையில் போட்டு வைத்து, புயல் ஓய்ந்ததும் அதன்மேல் அளவுகோலை இறக்குவது எங்கள் முறை. ஏழு மணிக்கே இறக்கியிருந்தேன். கெப்ஹார்டுக்கும் சொல்லியாகிவிட்டது.

“தொண்ணூற்றேழு,” என்றேன்.

அறையே கூச்சலிட்டது. ஃபெர்டி மேசையில் தாளம் போட்டான். ஆளாளுக்கு நண்பர்களை அழைத்தார்கள். “எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வாங்கடா!”

அப்போது மருமகள் பூர்கி என் சட்டைக் கையை இழுத்தாள். விறகு எடுக்கப் போனவள், வெறுங்கையோடு வந்திருந்தாள்.

“மாமா, ஒரு நிமிஷம் வெளிய வாங்க.”

விறகுக் கொட்டகையின் கூரையில் ஒரு சாண் பனிதான் இருந்தது. மற்றதெல்லாம் இரவில் சரிந்து என் பலகைமேல் விழுந்திருக்கிறது. அதன்மேல் புதுப்பனி மூடியதால் எனக்குத் தெரியவில்லை. முற்றத்தில் வண்டிகள் ஏறிவிடுமே என்று பலகையை அந்தக் கூரையடிக்கு மாற்றியது நான்தான்.

“முற்றத்துல மூணு இடத்துல குத்திப் பார்த்தேன் மாமா. அறுபத்தொண்ணு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “யாருக்கும் தெரியாது. விட்டுடுங்க.”

“எனக்குத் தெரியுமே.”

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. உணவறைக்குள் வந்து, எல்லோர் காதிலும் விழும்படி கெப்ஹார்டை அழைத்தேன்.

“ரூபர்ட் பேசறேன். என் அளவு தப்பு. கூரைப் பனியையும் சேர்த்து அளந்துட்டேன். அறுபத்தொண்ணுன்னு மாத்து.”

“என்னடா, நீ காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள முப்பத்தாறு உருகிடுச்சா?” அவன் சிரித்த சிரிப்பு ஜன்னல் மேசைவரை கேட்டது. நான் அசையாமல் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.

“மாத்திட்டியா?”

“மாத்திட்டேன், மாத்திட்டேன்.”

ஃபெர்டியும் இன்னும் மூன்று பேரும் உடனே கிராப்பாக்குக்கு வண்டியைக் கிளப்பினார்கள். இலோனா மட்டும், “அறுபத்தொண்ணு மாவு மாதிரியா, ஈரமா?” என்று கேட்டாள். மாவு என்றேன். தன் தோழியோடு எங்கள் சரிவிலேயே ஏறினாள்.

நாலு மணிக்கு எல்லோரும் திரும்பினார்கள். இலோனாவின் முடியெல்லாம் பனி, முகமெல்லாம் சிரிப்பு. ஃபெர்டி தன் சறுக்குப்பலகையைத் திருப்பி அடிப்பக்கக் கீறல்களைக் காட்டினான்.

“எழுபதாவது மண்ணாவது! பாறைதான் இருக்கு. அந்தாளும் கூரைக்குக் கீழதான் அளந்திருக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

“தம்பி, கெப்ஹார்ட் சரியாத்தான் அளந்தான். ஒன்பது மணிக்கு மேல காத்து திரும்பி அந்தச் சரிவை வழிச்சுட்டுப் போயிருக்கு. இன்னிக்கு இந்த மலையில தப்பா அளந்தது ஒரே வீடு. அது இந்த வீடு.”

ஃபெர்டி பலகையைக் கீழே வைத்தான். “சரிங்க ஐயா.”

“நாளைக்குக் காத்து எந்தப் பக்கம்?” என்று இலோனா கேட்டாள்.

சொன்னேன். ஆறு பேரும் மறுபடி கைபேசியை எடுத்தார்கள்.