இரைகிற பெட்டி

சன்னல் கம்பியில் ஒரு முனை, என் கையிலிருக்கும் டிரில்லில் மறுமுனை, நடுவே பச்சையும் மஞ்சளுமாக இரண்டு வயர்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகின்றன, சண்முகத்தாய் அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, முறுக்கு பத்தாதுங்க, எங்க மில்லுல இந்த நூலைக் கழிச்சிருவாங்க என்கிறாள், இன்னும் கொஞ்சம் சுற்றுகிறேன், வயர் விறைத்து நிற்கிறது, அன்று அவள் சிரித்தாளா, சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன், இல்லை, அந்தச் சிரிப்பு கலியாணமான புதிதில் மில் வாசலில் பார்த்ததா, தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டி ஷிப்ட் முடிந்து அவள் வெளியே வந்த ஏதோ ஒரு சாயங்காலத்துச் சிரிப்பா, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன, பிரித்தெடுக்க முடியவில்லை. ராஜபாளையத்தில் அந்த நூற்பாலைக்குள் வாய் அசைவதைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்களாம், வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் கத்தியே பேசுவாள், மெதுவாப் பேசு தாயி என்பேன், வேலையை விட்டு நின்றாள், வீடு அமைதியானது, அப்போதுதான் ஒருநாள் கேட்டாள், ஏங்க, அடுப்புல குக்கர் வச்சிருக்கேனா, விசில் அடிக்குதே. அடுப்பில் ஒன்றும் இல்லை.

விசில் அவள் காதுக்குள் இருந்தது. மில் சத்தம் காது நரம்பைத் தின்னுருச்சும்மா, இதுக்கு மருந்து கிடையாது, பழகிக்கிடணும் என்றார் டாக்டர், அவளுக்குப் பழகவில்லை, தலையணையைக் காதில் அமுக்கிப் படுப்பாள், எழுந்து கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடப்பாள், கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டே வந்தது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைனில் வரும் இரைச்சலைத் தேடிப் பிடிப்பதே வேலையாக இருந்தவன் நான், இந்த ஒரு இரைச்சலை மட்டும் எங்கே போய்த் தேடுவது, பாட்டாவது கேட்கட்டும் என்று பழைய ரேடியோ வால்வுகளை வைத்து ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்ய உட்கார்ந்தேன். பாடியது. பாட்டுக்கு அடியில் ம்ம்ம் என்று ஓர் இரைச்சலும் சேர்ந்து வந்தது, எனக்கு அது நகக்கண்ணில் முள்ளாக இருந்தது, அவளோ நாற்காலியை இழுத்து ஸ்பீக்கர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள், பாட்டு முடிந்தும் எழுந்திருக்க மாட்டாள், அணைக்கவா என்றால், இருக்கட்டுங்க என்பாள், அடுத்த பாட்டுக்குக் காத்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வால்வுக்குள்ளே இருக்கும் ஹீட்டரைச் சூடாக்கப் போகும் மின்சாரம் முன்னும் பின்னுமாக ஓடுவது, அது போய்வரும் இரண்டு வயர்களையும் பாட்டு வரும் வயருக்குப் பக்கத்திலேயே விட்டிருந்தேன், அதுதான் இரைகிறது, அந்த ஹீட்டர் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று இறுக முறுக்கிப் பெட்டியின் மூலையோடு மூலையாகக் கொண்டுபோனால் ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும், அப்படித்தான் அவளையே கூப்பிட்டு முறுக்குப் பார்க்கச் சொன்னேன், பற்றவைத்தேன், சுவிட்சைப் போட்டேன், இரைச்சல் ஒன்றுமே இல்லை, ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் ஒன்றுமே இல்லை, வா தாயி, நீயும் கேளு என்றேன், வந்து காதை வைத்தாள், வெகுநேரம் வைத்திருந்தாள், நல்லாருக்குங்க என்றாள். மறுநாள் நாற்காலி பழைய இடத்துக்குப் போயிருந்தது. அவள் மறுபடியும் நடக்க ஆரம்பித்தாள், நானும் பின்னாலேயே நடந்தேன், கண்ணசந்தால் கனவில் மில், எல்லா இயந்திரமும் ஓடுகிறது, துளிச் சத்தமில்லை, பஞ்சு பறக்கிறது, அவள் தூரத்தில் நின்று வாயசைத்து எனக்கு என்னவோ சொல்கிறாள், எனக்கு வாயசைவு படிக்கத் தெரியவில்லை.

பிறகு பை, வாசலில் செருப்புக்குப் பக்கத்தில், வல்லி வீட்டுக்குப் போறேங்க, பல்லடத்துக்கு, ஆட்டோ சொல்லியாச்சு. எப்ப வருவே என்றேன், பாப்பம் என்றாள். மகள் வீட்டுக்குப் போகிறவள் அப்படிச் சொல்வாளா, என் மேல என்ன கோவம், எந்நேரமும் இந்தப் பெட்டியோட கிடக்கேன்னா என்று கேட்டேன். கோவம் எதுக்குங்க, அங்க பக்கத்து வீட்டுல தறி ஓடுது, அந்தச் சத்தத்துல இந்த விசில் கேக்க மாட்டேங்கு, போன தடவை நல்லாத் தூங்கினேன், இங்கயும் உங்க பெட்டி இரைஞ்ச வரைக்கும் கண்ணு சொருகிச்சு, நீங்க ஆசைஆசையா சரிபண்ணுனீங்க, அதை எப்படி நான் சொல்ல.

பெட்டியைத் திருப்பிப் போட்டேன், உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், நின்றேன், நிற்க முடியவில்லை, வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான், முறுக்கிய வயரை வெட்டி எறிந்தேன், முறுக்கில்லாமல் இரண்டு தனி வயர்களைப் பாட்டு வயரின் மேலேயே படுக்கவைத்துப் பற்றவைத்தேன், என் கீழ் வேலை பார்த்தவன் இப்படிச் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், சுவிட்சைப் போட்டேன், வால்வுகள் மெல்லச் சிவந்தன, வந்தது, முன்பைவிடப் பெரிதாக. ஆட்டோவைப் போகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன், அவள் பையை மடியில் வைத்தபடி ஸ்பீக்கர் பக்கத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள், தலை சுவரில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. போன் அடித்தது, வல்லி, அம்மா கெளம்பியாச்சாப்பா என்றாள், அவ தூங்குறா, அப்புறம் பேசு என்று போனை வைத்தேன். பையை எடுக்கலாமா, எடுத்தால் விழித்துவிடுவாளோ, எதிரே உட்கார்ந்தேன், இரைச்சல் பல்லுக்குள் வரை வந்து கூசுகிறது, எழுந்து அந்த வயரை ஒரு விரற்கடை நகர்த்திவிட வேண்டும்போல் கை பரபரக்கிறது, பரபரக்கும் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.