வெறும் தண்ணீர்

மீன் தொட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஐஸ் பெட்டியின் பிளக்கைச் செருகினான் மரியஜோசப். ஹாலில் இருந்ததே அந்த ஒரு பிளக் பாயிண்ட்தான். பெட்டி உறுமியது. தொட்டியில் குமிழி விட்டுக்கொண்டிருந்த மோட்டார் நின்றது.

அவன் கண்ணாடி மூடியை இறக்கி, அண்ணனின் முகத்துக்கு நேரே படிந்த ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்தான். லாசர் விடியற்காலையில்தான் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். ஆயுசு முழுக்க அந்த மலைப்பாதை வளைவுகளில் ஜீப் ஓட்டியவர். கடைசித் தடவை படுத்துக்கொண்டே மலை ஏறினார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அற்புதத்துக்கு ஜெபமும் அழுகையும் காதில் விழவில்லை. மோட்டார் நின்றது மட்டும் விழுந்தது.

"தம்பி, அந்த மோட்டாரு..."

"இருக்கட்டுங்க அண்ணி. அண்ணனே போயிட்டாரு. இனி அந்த மீன் யாருக்குங்க?"

அவளுக்குத் தொட்டிப் பக்கம் திரும்பவே வெட்கமாக இருந்தது. கண்ணாடி முழுக்கப் பச்சையும் பழுப்புமாகப் பாசி. துக்கம் கேட்க வந்த எதிர்வீட்டுத் தனலட்சுமி, "இதென்னுங்க, குட்டையாட்டம் கெடக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் அழவே ஆரம்பித்தாள்.

அற்புதம் மணப்பாட்டுக் கடற்கரைக்காரி. கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்த புதிதில், காற்றில் உப்பே இல்லை, மூச்சு முட்டுகிறது என்று அழுதவள். அவள் அதை மறந்துபோனாள். லாசர் மறக்கவில்லை. மகள் லூர்துசெல்வி கல்யாணமாகி பெங்களூர் போன பிறகு, மூடப்போகிற ஒரு லாட்ஜிலிருந்து இந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியை வாங்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"கடலை ஊட்டுக்கே கொண்டாந்துட்டேன் பாரு."

"கொழம்பு வெக்க ஒரு மீனு ஆவாது. இதெல்லாம் ஒரு கடலுங்களா?"

சொன்னாளே தவிர, அவர் குளிக்கப் போனதும் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அவருக்கு ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த இரண்டு மீன்கள் என்றால் உயிர். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட வாசலில் நின்று அதைத்தான் பேசினார். "தண்ணி கொறஞ்சா வெறும் தண்ணி ஊத்து. பொறவாசல்ல வாளியில புடிச்சு மூடி வெச்சிருக்கறேன். காத்துல போறது தண்ணி மட்டுந்தான். உப்பு எங்கயும் போவாது. தீனி ஒரு சிட்டிகை போதும். பொழுது சாஞ்சா லைட்ட அமத்திரு, அதுங்க தூங்கட்டும்."

கடல்காரிக்கு மலைக்காரர் உப்புத் தண்ணீர்ப் பாடம் எடுத்தால் ஏறுமா? அவர் பஸ் ஏறியதும் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தாள். கடல் மீனுக்கு வெறும் தண்ணீரா என்று உப்பைக் கரைத்துக் கரைத்து ஊற்றினாள். அவர் இல்லாத வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதுகளாவது வயிறாரச் சாப்பிடட்டும் என்று தீனியை அள்ளிப் போட்டாள். இருட்டில் தனியாகக் கிடக்க வேண்டாமே என்று விடிய விடிய விளக்கை எரியவிட்டாள். பாசிக்கு வேறு என்ன வேண்டும்? விருந்துக்கு வந்த மாப்பிள்ளை போலச் செழித்தது.

முழங்கால் வலியில் அவளால் அடிக்கடி மலை இறங்க முடியவில்லை. மரியஜோசப்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தான். தினமும் அவனுடைய போனில் லாசர் கேட்பார், "தொட்டி எப்படி இருக்குது?"

"பளிங்காட்டம் இருக்குதுங்க. நீங்களே வந்து பாக்கத்தான போறீங்க."

வந்துவிட்டார்.

பாசிக்கு மேலே, தண்ணீர் விளிம்பில் ஏதோ அசைந்தது. அற்புதம் எட்டிப் பார்த்தாள். இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆஸ்பத்திரியில் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவரும் அப்படித்தான் மூச்சு வாங்கினார். அன்று அவளால் எதுவும் செய்ய முடியவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். ஜெபம் நின்றது.

"அண்ணி! என்ன பண்றீங்க?" மரியஜோசப் ஓடி வந்தான். "செல்வி வர மத்தியானமாவும். நாலு மணிக்குத்தான் அடக்கம். பொட்டி ஓடாம கெடத்துனா ஊரு என்னை என்னன்னு பேசும்?"

"நாந்தான் சொன்னேன்னு சொல்லுங்க தம்பி. இந்தக் குளுருக்கு அவருக்கு எதுக்குங்க ஐஸு? சன்னல் கதவெல்லாம் தொறந்து உடுங்க."

"மீனுக்காகவா அண்ணி?"

"உங்கண்ணன் எந்திரிச்சார்னா மொதல்ல இந்த பிளக்கத்தான் புடுங்குவாரு." அவள் குனிந்து தொட்டியின் பிளக்கைத் தேடினாள். "இனி எந்திரிக்க மாட்டாருங்களே. அதான் நான் புடுங்கறேன்."

மரியஜோசப் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான். அப்புறம் அவனே தொட்டியின் பிளக்கைச் செருகினான். குமிழிகள் வந்தன. சன்னல்களைத் திறந்தான். டிசம்பர் மூடுபனி தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

மூடி போனதும் அவளால் அவரைத் தொட முடிந்தது. வலது கட்டைவிரல் நகத்தோரம் உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்த பிளவு இன்னும் ஆறாமல் இருந்தது. எத்தனை தடவை தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லித் திட்டியிருப்பாள்! அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

செல்வி வந்தாள். கோயில் மணி அடித்தது. லாசரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு எல்லோரும் திரும்பினார்கள்.

வாசலில் கால் கழுவத் தண்ணீர் தேடிய செல்வி, பின்வாசலில் மூடியிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அது வேண்டாம் கண்ணு," என்றாள் அற்புதம். "உங்கப்பா தொட்டிக்குப் புடிச்சு வெச்சது."

துக்க வீட்டில் அடுப்பு எரியவில்லை. தனலட்சுமி கொண்டு வந்த இட்லி தூக்குப் போசியிலேயே ஆறிக்கொண்டிருந்தது. அற்புதம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு அட்டையை எடுத்தாள். காலாவதியான டிரைவிங் லைசென்ஸ். அவர் பாசி சுரண்டுவது அதில்தான். படத்தில் முகம் அழிந்து மீசை மட்டும் மிச்சம் இருந்தது.

அவர் செய்வதைப் போலவே மேலிருந்து கீழாகச் சுரண்டினாள். கண்ணாடியில் ஒரு கையகலம் தெளிந்தது. பிறகு வாளியிலிருந்து குவளையில் மொண்டு, விளிம்போரமாக மெதுவாக ஊற்றினாள்.

செல்வி உப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "இதைக் கலக்க வேண்டாமாம்மா?"

"வேண்டாம் சாமி. உப்பு எங்கயும் போவல."

இன்னொரு குவளை ஊற்றினாள். மீன்கள் கீழே இறங்கிக் கல்லோரமாக ஒண்டின. வெளியே பொழுது சாய்ந்திருந்தது. அற்புதம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, தொட்டி விளக்கை அணைத்தாள்.