மூன்றாம் பூத்துக்கு மாற்று ஆள்

என் மருமகளுக்குச் சுங்கச்சாவடியில் வேலை. மூன்றாம் பூத் அவளுடையது. ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டு. காலையில் உள்ளே போனால் வேலை முடிந்துதான் வெளியே வருவாள், நடுவில் யாரையும் எதுவும் கேட்டதில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

போன மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் சுருண்டு விழுந்தாள். மகன் வெளியூர் வேலையில் இருந்தான். நானும் என் மனைவியுமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகத்தில் கல், கூடவே கிருமித் தொற்று.

“பகல்ல எவ்வளவு தண்ணி குடிப்பே?” என்று கேட்டார் டாக்டரம்மா.

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். ஆனால் கதவு சரியாகச் சாத்தவில்லை.

“குடிக்கிறதே இல்லீங்க. குடிச்சா போகணும். போகணும்னா வாக்கி டாக்கில மாத்து ஆள் கேக்கணும். எல்லா பூத்துக்கும் கேக்கும், எல்லாரும் ஆம்பளைங்க. எதுக்குன்னு வேற சூப்பர்வைசர் கேப்பாரு.”

“இப்படியே இருந்தா ஒரு கிட்னி போயிடும்மா.”

வீட்டுக்கு வந்ததும் வேலையை விட்டுவிடச் சொன்னேன். நம் வீட்டுப் பெண் அதைப் போய் நாலு பேர் காதில் விழும்படி கேட்பதா?

“விட மாட்டேன் மாமா,” என்றாள். குரல் மட்டும்தான் தணிந்திருந்தது. “பரீட்சை எழுதி நானா வாங்கின வேலை.”

“அப்ப உங்க சூப்பர்வைசர்கிட்ட நான் வந்து பக்குவமா பேசறேன்.”

“என்னன்னு பேசுவீங்க?” என்றாள் என் மனைவி. “கல்யாணமான நாள்லேர்ந்து ‘இதோ வந்துடறேன்’னு சொல்லிட்டுத்தான் பாத்ரூமுக்கே போறீங்க. கௌரவத்தைக் கழுவிக் குடிச்சா கல்லு கரையுமா?”

மருமகள் வேலைக்குத் திரும்பிய அன்று, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு நானும் போனேன். சூப்பர்வைசருக்கு என் மகன் வயது. மரியாதையாக எழுந்து நாற்காலி காட்டினார். வெயிலைப் பற்றிப் பேசினேன். சாலையைப் பற்றிப் பேசினேன்.

“மருமகளுக்கு உடம்பு கொஞ்சம்...” என்று இழுத்தேன்.

“என்ன சார் உடம்புக்கு?”

“தலைவலி.” வாய்க்கு வந்தது அதுதான்.

“தைலம் தேய்ச்சுக்கச் சொல்லுங்க சார், சரியாயிடும்.”

மேசைமேல் வாக்கி டாக்கி கரகரத்தது. அவள் குரல்.

“மூணாம் பூத். மாத்து ஆள் வேணும் சார்.”

“தலைவலியாம்மா? உங்க மாமனார் இப்பத்தான் சொல்லிட்டிருந்தாரு. இங்கதான் இருக்காரு.”

வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது.

“தலைவலி இல்ல சார். பாத்ரூம் போகணும்.”

ஏதோ ஒரு பூத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது.

“வண்டி நிக்கிற நிலைமையப் பாரும்மா. ஒரு அரை மணி பொறுத்துக்க.”

“பொறுத்துத்தான் சார் ஆஸ்பத்திரில போய்ப் படுத்தேன். ஆள் வரலேன்னா கேட்டை எறக்கிட்டுப் போறேன்.”

ஜன்னல் வழியே அவளைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன.

சூப்பர்வைசர் கருவியை என்னிடம் நீட்டினார். “பெரியவங்க நீங்க இருக்கும்போதே இப்படிப் பேசுது. நீங்களே சொல்லுங்க சார். இந்தப் பட்டனை அழுத்திக்கங்க.”

அழுத்தினேன்.

“அவ மாமனார் பேசறேன். என் மருமகளுக்குக் கிட்னில கல்லு. தண்ணி குடிப்பா, பாத்ரூம் போவா. இன்னிக்கு மட்டுமில்ல, தினமும். இப்பச் சிரிச்சவர் யாரோ, அவரே மாத்து ஆளா வரட்டும்.”

யாரும் சிரிக்கவில்லை.

“அவர் பூத்தை விட்டு வர முடியாது சார்,” என்றார் சூப்பர்வைசர் மெதுவாக.

“அப்ப நீங்க போங்க.”

என்னை ஒருமுறை பார்த்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார். மூன்றாம் பூத்தின் கதவு திறந்தது. நான் ஜன்னலுக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டேன். ஒரு பெண் அதற்குப் போகும்போது பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதை அல்ல.