கடைவாசலில் ஒன்பது நாள்

பிரியந்தியின் குரல் கடைசியாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வாட்ஸ்அப்பில் ஒரு சின்னக் குரல்பதிவு. "அக்கா, கை ஒடஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேங்கிறாங்க. கதவப் பூட்டி வச்சிருக்காங்க. என்ன எப்படியாவது கூப்பிட்டுக்குங்க." அதற்குப் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

வீட்டு வேலைக்காக அவள் சவூதிக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அனுப்பிவைத்தவன் ஹட்டன் டவுனில் ஏஜென்சி வைத்திருக்கும் தயாளன். அக்கா சுதர்ஷினி தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். மறுநாளே பஸ் பிடித்து அவனிடம் போனாள். குரல்பதிவை அவன் முழுதாகக் கேட்கவில்லை.

"ரெண்டு வருஷ ஒப்பந்தம். முடிச்சிட்டு வரட்டும். வேல செய்யப் பிடிக்காத பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான் கத சொல்லுங்க" என்றான். அடுத்த முறை போனபோது அவளை உள்ளேயே விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் சுதர்ஷினி அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் கடைசியில் தகரக் கூரை போட்ட சின்னக் கூடம் அது; பதினெட்டுக் குடும்பங்கள் கூடும் சபை. அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். அடுத்த வெள்ளியும் ஜெபித்தார்கள். பிரியந்தியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

இரண்டாவது வெள்ளி, ஜெபம் முடிந்து மற்றவர்கள் எழுந்தபோது சுதர்ஷினி முழங்காலிலேயே இருந்தாள்.

"பாஸ்டர், திங்கக்கெழமலருந்து நான் அந்த ஏஜென்சி முன்னால போயி ஜெபிக்கப் போறேன். வாறவங்க வாங்க."

பாஸ்டர் பிரதாப் அதே தோட்டத்தில் பிறந்தவர். யாரோடும் சண்டைக்குப் போகாதவர். "அறைக்குள்ள போயி கதவப் பூட்டி ஜெபிக்கச் சொல்லித்தானே வேதத்துல இருக்கு. தெருவுல நின்னா பொலிஸ் பிரச்சினையும் வரும், தங்கச்சி."

"என் தங்கச்சியும் பூட்டின கதவுக்குள்ளதான் இருக்கா, பாஸ்டர்."

பின்வரிசையிலிருந்து அழகம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். ஐம்பத்தைந்து வயது. தோட்டத்தை நடத்தும் துரைக்கும் பயப்படாதவள் என்று அந்த மலையில் பெயர் வாங்கியவள்.

"கர்த்தருக்கு எப்பவோ கேட்டிருச்சு. இனி அந்தாளு காதுலயும் விழணும். நான் வாறேன்."

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சத்தம் போட்டார். "இப்படி எல்லாரும் கெளம்பினா மலைய யாரு பாக்கிறது? போறவங்களுக்கு இன்னைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்ல."

"விழ வேணாங்க" என்றாள் அழகம்மா.

பதினொரு பேர் போனார்கள். நாளுக்கு நாள் ஆள் மாறுவதென்று ஏற்பாடு. தோட்டத்தில் நின்றவர்கள் போனவர்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சோறாக்கினார்கள். பஸ் நிற்கும் இடத்தில் எல்லாருக்கும் முன்னால் பாஸ்டர் வந்து நின்றிருந்தார்.

பஸ்ஸிலேயே அழகம்மா சொல்லிவிட்டாள். "அவனச் சபிக்கக் கூடாது. திட்டவும் கூடாது. பேரச் சொல்லி ஜெபிக்கணும், அவ்வளவுதான்."

ஏஜென்சி முன்னால், நடைபாதைச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். "ஆண்டவரே, பிரியந்திய வீட்டுக்குக் கொண்டு வாங்க. தயாளனோட மனசத் தொறங்க." பதினொரு பேருக்கும் ஒரே குரல். பாஸ்போர்ட்டோடு வந்த இரண்டு பெண்கள் நின்று கேட்டார்கள். யார் அந்தப் பிரியந்தி என்றாள் ஒருத்தி. சுதர்ஷினி போனை அவள் காதில் வைத்தாள். இருவரும் படியேறாமல் திரும்பிப் போனார்கள்.

ஒரு மணித்தியாலத்தில் பொலிஸ் வந்தது. பாதையை மறிப்பதாக முறைப்பாடு என்று சார்ஜன் சிங்களத்தில் சொன்னார். சுதர்ஷினியும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். குரல்பதிவைப் போட்டு, தங்கை சொன்னதை ஒவ்வொரு வரியாக அவருக்கு விளக்கினாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். ஆனாலும் நடைபாதையில் நிற்க முடியாது, கலைந்து போங்கள் என்றார்.

பக்கத்துத் துணிக்கடையின் கதவு திறந்தது. கணவர் மௌத்தானபின் அந்தக் கடையைத் தனியாக நடத்தும் ரினோஸா வெளியே வந்தார்.

"இந்தப் படியிலருந்து என்ட கடை வாசல். இவங்க இங்க நிக்கட்டும்." அதையே சார்ஜனிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சுதர்ஷினியின் பக்கம் திரும்பினார். "என்ட மாமிட மகளும் அங்க வேலக்கிப் போய் பட்டது எனக்குத் தெரியும். நீங்க உங்கட முறையில கேளுங்க. நான் என்ட முறையில கேக்கிறேன்."

சார்ஜன் படியைப் பார்த்தார், ஏஜென்சியைப் பார்த்தார், ஜீப்பில் ஏறினார்.

மூன்றாம் நாள் தயாளன் ரேடியோவை வாசலில் வைத்துச் சத்தமாக அலறவிட்டான். அவர்கள் அதைவிடச் சத்தமாக ஜெபித்தார்கள். ஐந்தாம் நாள் வெளியே வந்து, இனி அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தியையும் வெளிநாட்டுக்கு அனுப்பப் போவதில்லை என்று மிரட்டினான்.

"அனுப்பாதீங்க" என்றாள் அழகம்மா.

ஏழாம் நாள் விடாத மழை. அன்றைக்குச் சுதர்ஷினிக்கு வாய் வரவில்லை. 'ஆண்டவரே' என்று தொடங்கியவள் அப்படியே நின்றாள். தங்கை உயிரோடு இருக்கிறாளா என்றே அவளுக்குத் தெரியாது. இல்லாத ஒருத்திக்காக இத்தனை பேரை வேலையையும் விட்டு நனைய வைத்திருக்கிறேனோ என்று நினைத்தாள். பாஸ்டர் அவள் பக்கத்தில் வந்து நின்று, "பிரியந்திய" என்றார். அதுவரை தெருவில் அவர் குரல் உயர்ந்ததில்லை. "பிரியந்திய வீட்டுக்குக் கொண்டு வாங்க" என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவள் பேசாமல் நின்ற அந்த அரைமணி நேரமும் அவளுடைய ஜெபத்தை அவர்களே சொல்லி முடித்தார்கள்.

எட்டாம் நாள் டவுனிலிருந்த வேறு இரண்டு சபைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒன்பதாம் நாள் நாற்பது பேருக்கு மேல். வாசல் போதாமல் ரினோஸா துணிக்கட்டுகளை ஒதுக்கிக் கடைக்குள்ளும் இடம் கொடுத்தார். ஏஜென்சிப் படியில் அன்று ஒருவரும் ஏறவில்லை.

பத்தரை மணிக்குத் தயாளன் வந்தான். "நிறுத்துங்க. நான் போன் பண்றேன்."

"பண்ணுங்க. இங்கயே, எங்க முன்னால பண்ணுங்க" என்றாள் சுதர்ஷினி. "நாங்க நிறுத்த மாட்டோம்."

அவன் அங்கேயே நின்று ஒருவர் மாற்றி ஒருவரிடம் அரபியில் பேசினான். பாதி கெஞ்சல், பாதி அதட்டல். கடைசியில் போனை அவளிடம் நீட்டினான்.

"அக்கா?"

சுதர்ஷினி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அங்க என்ன சத்தம்?"

"நம்ம சபை, தங்கச்சி. ஒனக்காகத்தான்."

அந்தப் பக்கம் வெறும் அழுகைதான் கேட்டது.

அவளைத் திருப்பி அழைக்கத் தயாளன் ஏற்பாடு செய்தான். பத்தொன்பது நாள் கழித்துப் பிரியந்தி கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். ஒடிந்த இடது கை கோணலாகவே கூடிவிட்டிருந்தது. இனிக் கூடை சுமக்க முடியாது. அவளைக் கட்டிப்பிடித்தபோது சுதர்ஷினிக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரியந்தியைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். அவள் தன்னைப் பற்றிப் பேசவில்லை.

"பக்கத்து வீட்டுல கொத்மலைப் பிள்ள ஒண்ணு இருக்கு. பேரு சுலக்ஷனா. மொட்டமாடியில துணி காயப்போடுறப்ப பேசிக்குவோம். அதையும் தயாளன்தான் அனுப்பினாரு. அதுவும் வீட்டுக்கு வரணும்னுதான் அழுவுது. அதுக்குக் கேக்க ஆளில்ல."

"இருக்கோம்" என்றார் பாஸ்டர்.

மறுநாள் காலை ரினோஸாவின் கடைவாசலில் பிரியந்தி முன்வரிசையில் நின்றாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தயாளன் அவள் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான், எழுந்து நின்றான்.

"ஆண்டவரே, சுலக்ஷனாவ" என்று அவள் தொடங்கினாள்.