கயிற்றின் நீளம்

வானத்தில் யாருக்கு யார் சொந்தம் என்று கண்டுபிடிப்பதுதான் தாட்சாயணியின் வேலை. நம்முடைய பால்வீதியைப் போல எத்தனையோ விண்மீன் திரள்கள் வெளியில் மிதக்கின்றன. அவற்றில் நமக்குக் கிட்டத்தில் இருப்பவற்றை எடுத்துக்கொண்டு, இது இந்தக் கூட்டம், அது அந்தக் கூட்டம் என்று பிரிக்க வேண்டும். திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாடி அறையில், பட்டப்பகலில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துதான் அதைச் செய்தாள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கும் தொலைநோக்கிகள் எடுத்த கணக்கு அவள் மேசைக்கே வந்துவிடும்.

முறை எளிது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஒரு திரளில் கயிறு ஒன்றைக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு எட்டுகிற தூரத்துக்குள் இன்னொரு திரள் இருந்தால் அது சொந்தம். பிறகு அந்தச் சொந்தத்தில் அதே கயிற்றைக் கட்ட வேண்டும். அங்கே எட்டுவதும் சொந்தம். எதுவும் எட்டாமல் போகும்வரை இப்படியே போக வேண்டியதுதான். முதலில் இருப்பதும் கடைசியில் இருப்பதும் ஒன்றையொன்று பார்த்தே இருக்காது. ஆனாலும் ஒரே கூட்டம். எல்லாம் கயிற்றின் நீளத்தில் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு திரள் வானத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்பது பாதி ஊகம்தான். அந்தத் திசையில் தாட்சாயணி கயிற்றைத் தாராளமாக நீட்டி விட்டாள். சந்தேகமாக இருந்தால் சேர்த்துக்கொள் என்பது அவள் கட்சி. எந்தக் கூட்டத்திலும் ஒட்டாத குட்டித் திரள் ஒன்று ஓரத்தில் கிடந்தது. அதற்குத் தனியன் என்று செல்லப்பெயர் வைத்திருந்தாள். நீட்டிய கயிறு தனியனைத் தொட்டுப் பக்கத்துக் கூட்டத்தோடு சேர்த்த அன்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தவறாகச் சேர்த்திருந்தால்தான் என்ன? திரளுக்கு வலிக்கப் போவதில்லை.

அவள் ஜன்னலுக்கு வெளியே மலை தெரியும். அந்த மலையில் செம்மரம் இருக்கிறது. அதை வெட்டிக் கடத்த வருகிறவர்களும், அவர்களைத் தேடிப் பிடிக்கிறவர்களும் அதற்குள்ளேதான் நடமாடினார்கள். சில நாட்களில் காலைப் பேப்பரில் ஒரு படம் வரும். தாட்சாயணி பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

மாங்காய் பிஞ்சு விட்டிருந்த சமயத்தில், அவளோடு எம்.எஸ்ஸி. படித்த சுரேஷ்பாபு ஒரு ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். பலமனேர்க்காரன். சித்தூரில் ஏதோ தனியார் கம்பெனியில் இருந்தான்.

“ஏமி தாட்சா, ஆகாசம் எப்டி கீது?” என்றான், அவளுடைய தமிழைக் கேலி செய்து.

“வச்ச எடத்துல கீது. ஸ்வீட்டோட வந்துகீற. இன்னா வேணும், சொல்லு.”

“உன் கயிறு வேணும்.”

“எதுக்கு?”

“எந்த வண்டி எதுகூடப் போவுது, யாரு யாருகூட நிக்கறாங்க, பாக்கணும். எல்லாம் புள்ளிதானே? உன் புள்ளிங்க மேல, எங்க புள்ளிங்க கீழ.”

“என் புள்ளிங்க என் மேல கேஸ் போடாது.”

“அதான் உனக்கு வசதி,” என்று சிரித்தான்.

அவள் எழுதிய நிரல் இணையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடியதாகத்தான் இருந்தது. ஆனாலும் பெருமை விடவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். “எடம் சரியாத் தெரியாத பக்கம் கயித்த நீட்டிவுடு. அப்பதான் யாரும் உட்டுப்போவ மாட்டாங்க,” என்றாள். இதை அவள் வாயால்தான் சொன்னாள்.

மாம்பழம் பழுத்து லாரிகள் சித்தூர் பழக்கூழ் ஃபேக்டரிகளின் வாசலில் வரிசை கட்டிய நாட்களில், தம்பி மனைவி ரூபாவிடமிருந்து போன் வந்தது.

“அண்ணி, அவரு போனைப் போலீஸ்காரங்க புடுங்கிக்கினு போய்ட்டாங்க. திங்கக்கெழம சித்தூருக்கு வரணுமாம். செம்மரம்னு இன்னான்னாவோ சொல்றாங்க அண்ணி.”

பின்னாலிருந்து தம்பி முனிகிருஷ்ணன் போனை வாங்கினான். “அக்கா, அது பயந்துக்கினு பேசுது. எனக்கு மரம்னா மாமரம்தான் தெரியும். போய் சொல்லிட்டு வந்துர்றேன்.” சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

முனிகிருஷ்ணன் நகரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் லோடு வண்டி வைத்திருந்தான். மாம்பழத்தைச் சித்தூரில் இறக்கிவிட்டுத் திரும்புவான். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெறும் வண்டி வீட்டுக்கு வரக்கூடாது. சுமையை இறக்கிய பிறகு, வழியில் கை காட்டுகிறவர் யாராக இருந்தாலும் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பெயர் கேட்கக்கூடாது, ஊர் கேட்கக்கூடாது. கேட்டால் கூலி கேட்டது போல. அவர்களுடைய நைனா மாட்டுவண்டிக் காலத்திலிருந்தே அப்படித்தான் வந்தார், மகனும் அப்படியே. மலையோர ரோட்டில் கை காட்டுகிறவர்களுக்கு அந்த நீல வண்டி தூரத்தில் வரும்போதே தெரியும், மூட்டையைத் தூக்கித் தயாராகிவிடுவார்கள்.

எந்த வண்டி எதுகூடப் போகிறது என்று பார்க்கத்தான் சுரேஷ்பாபு கயிற்றைக் கேட்டான் என்பது தாட்சாயணிக்கு நினைவு வந்தது, மறுநாளே சித்தூருக்குப் போனாள். சுரேஷ்பாபுவின் ஆபீஸ் வாசலில் பெயர்ப்பலகை இல்லை. உள்ளே போய் நேராகத் திரையைப் பார்த்தாள். அவளுடைய படம் அது. அவள் தன் கூட்டங்களுக்குத் தேர்ந்தெடுத்த அதே மஞ்சள், அதே நாவல்பழ நிறம். ஓரத்தில் கடைசியாகச் சேர்ந்ததற்கு அவள் போட்டுவைத்த அதே வெறும் வளையம். தனியன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போன் நம்பர் இருந்தது. அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

“இது என் தம்பிடா.”

“கங்கம்மா சத்தியமா தெரியாது தாட்சா. இங்க பேரு கெடையாது, நம்பர்தான்.” அவன் திரையில் அந்த வளையத்தைத் தொட்டுக் காட்டினான். “இவன் வண்டியில போன ஆளுங்களோட போனு காட்டோரத்துல வேற சில போனுங்க பக்கத்துல இருந்துகீது.”

“பக்கத்துலன்னா?”

“அங்க டவரு கம்மி. யாரு எங்க நின்னாங்கன்னு சரியாத் தெரியாது. நீதான சொன்ன, தெரியாத பக்கம் கயித்த நீட்டிவுடுன்னு.”

“அது ஆகாசத்துக்குச் சொன்னது, பாவி! கொறைச்சுப் பாரு.”

குறைத்தான். வளையம் கழன்று தனியே நின்றது. தாட்சாயணி மூச்சு விட்டாள். ஆனால் அதோடு நிற்கவில்லை. அடுத்த புள்ளி கழன்றது, அதற்கடுத்ததும். மஞ்சள் கூட்டம் முழுவதும் தரையில் கொட்டிய கடுகு போலச் சிதறிப்போனது. சுரேஷ்பாபு அவசரமாகப் பழைய நீளத்தையே வைத்தான்.

“பாத்தியா? கூட்டமே இல்ல. மேல இருக்கறவங்களுக்குக் கூட்டம் வேணும் தாட்சா.”

“இல்லாத கூட்டத்த எப்படிடா புடிப்பாங்க?”

“புடிச்சப்புறம் கூட்டம்தானே.”

அவனே அதைச் சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “எழுதிக்குடு. முறையே தப்புன்னு, எழுதினவளே எழுதிக்குடு. எனக்கு வேற வழி தெரியல.”

எழுதினாள். இடம் தெரியாத பக்கம் கயிற்றை நீட்டியது தவறு, அதில் சேர்ந்த எந்தக் கூட்டத்தையும் நம்ப வேண்டாம் என்று எழுதினாள். அச்சுக்குப் போகவிருந்த தன் கட்டுரையையும் திரும்பப் பெற்றாள். கயிறு சுருங்கியதும் வானத்தில் தனியன் மறுபடியும் தனியே போய்விட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை, திரையை மூடிவிட்டாள்.

திங்கட்கிழமை அக்காவும் தம்பியும் அவனுடைய வண்டியிலேயே சித்தூருக்குப் போனார்கள். நீங்கள் பயப்பட வேண்டாம், அவனை யாரும் அடிக்கவில்லை. சத்தம் போட்டுக்கூடப் பேசவில்லை.

சுரேஷ்பாபுவின் ஆபீஸ் இருந்த அதே கட்டடத்தின் மேல்மாடி. நடையில் ஒரு நீள பெஞ்சு. அதில் சில ஆண்கள் ஒருவரையொருவர் தொடாமல், நடுவில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் முனிகிருஷ்ணனைப் பார்த்ததும் முகம் மலர எழுந்தார்.

“வண்டிக்கார தம்பி! நீயாப்பா? சாமியே உன்னை அனுப்பிச்சிகீது. இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுப்பா. பொண்ணப் பாக்க புத்தூர் கட்டுப்போடறவங்க வூட்டுக்குப் போனேன். கால் ஒடிஞ்சி கெடந்துதே, உன்கிட்டகூட சொல்லிக்கினு வந்தேனே?”

முனிகிருஷ்ணன் வாயைத் திறந்தான். கதவோரம் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தான். தாட்சாயணி தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

“யாருன்னு தெரியலியே பெரியவரே,” என்றான் அவன்.

பெரியவரின் சிரிப்பு உடனே போகவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல அதோடேயே உட்கார்ந்தார்.

உள்ளே இருந்த அதிகாரி டீ வரவழைத்தார். தாட்சாயணி எழுதியதை நிதானமாகப் படித்தார். “செஞ்சவங்களே தப்புன்னு சொன்னா நாங்க என்ன சொல்ல முடியும் மேடம்?” என்றார். முனிகிருஷ்ணனின் போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து மேசைமேல் தள்ளினார். “எடுத்துக்க தம்பி. கூப்பிட்டா வரணும்.”

தாட்சாயணிக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. “சார், வெளியே உட்கார்ந்திருக்கறவங்களும் அதே தப்புலதான் வந்திருக்காங்க. நான் எழுதினது எல்லாருக்கும் சேர்த்துத்தான்.”

“அவங்களுக்கும் யாராவது அக்கா வரட்டும் மேடம், பாப்போம்.” அவர் புன்னகை செய்தார். “ஆமா, அந்தப் பெரியவர் தம்பிகிட்ட ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தாரே?”

“தெரியாது சார்,” என்று அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வரும்போது இருவரும் பெஞ்சின் பக்கம் திரும்பவில்லை. வண்டியில் ஏறியதும் முனிகிருஷ்ணன் போனை அணைத்து இருக்கைக்கு அடியில் போட்டான். தாட்சாயணியும் தன்னுடையதை அணைத்தாள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மலையோர ரோட்டில் முதல் கை தெரிந்தது, கூடையோடு ஒரு கிழவர். முனிகிருஷ்ணனின் கால் பழக்கத்தில் பிரேக்குக்குப் போனது, அங்கேயே தயங்கியது, திரும்பி வந்துவிட்டது. அடுத்த வளைவில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. நீல வண்டியைத் தூரத்திலேயே கண்டுகொண்டு, மூட்டையைத் தூக்கி, குழந்தையின் கையையும் சேர்த்து ஆட்டிக்காட்டினாள். வண்டி அவள் முகத்தில் புழுதியை அடித்துவிட்டுப் போனது. பக்கக் கண்ணாடியில் அவளும், அவளுக்கு அப்பால் அந்தக் கிழவரும் தனித்தனியாகச் சிறுத்துக்கொண்டே போனார்கள். நிறுத்துடா என்று தாட்சாயணி சொல்லவில்லை.

பின்னால் காலி வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் தடதடத்தது.

“வெறும் வண்டியா வந்துகீறியேன்னு நைனா கேட்டா இன்னாக்கா சொல்றது?” என்றான் முனிகிருஷ்ணன்.

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இன்னொரு கை எழும்பிக்கொண்டிருந்தது.

“வழியில யாருமே இல்லன்னு சொல்லு.”