ஐசாக் வீட்டு றேடியோ இரைந்த கதை

மலாயாப் பென்சனியர் ஐசாக் வீட்டு றேடியோ, அன்று ஞாயிறு மத்தியானத்திலிருந்து கலைந்த குளவிக்கூடுபோல இரைந்துகொண்டிருந்தது. வேறு நாளென்றால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் அன்று பின்னேரம் கொழும்பு றேடியோவில் பாட இருந்தவள் அவருடைய மகள் மியூரியல்.

அவள் ஒரு சைவப் பொடியனைக் கலியாணம் முடித்துக் கொழும்போடு நின்றுவிட்ட நாளிலிருந்து, அவளைப் பற்றி வீட்டில் கதைக்கக் கூடாதென்று ஐசாக் கட்டளை போட்டிருந்தார். கடிதமும் கிடையாது. மகளின் குரலைக் கேட்கத் தாய் சுகிர்தத்துக்கு இருந்த ஒரே வழி அந்தப் பெட்டிதான். கட்டளை போட்ட மனிதரோ சாப்பாட்டையும் மறந்து அதைத் திருகிக்கொண்டிருந்தார். யுத்தச் செய்தி கேட்கத்தானாம். சுகிர்தம் நம்பியதாகவே காட்டிக்கொண்டாள்.

பற்றரி முனைகளைச் சுரண்டித் துடைத்தார். ஏரியல் கம்பியில் உரசிய பனையோலையை வெட்டுவித்தார். வால்வுகளைக் கழற்றிப் பூட்டினார். இரைச்சல் அசையவில்லை.

"இஞ்சருங்கோ, நிலத்துக்குப் போற வயர் சரியோ?"

"அது என்ரை கையாலை அறைஞ்ச கம்பி. நீ போய்த் தேத்தண்ணியைப் போடு."

சுகிர்தம் அடுப்படிக்குப் போகாமல் வேலிக்கரைக்குப் போனாள். வயர் கிடந்தது, அதைக் கட்டியிருந்த இரும்புக் கம்பியைக் காணவில்லை. வேலிக்கு அப்பால் அருளம்பலம் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டு நின்றார். வேலியை ஒரு சாண் தள்ளிக் கட்டிய விவகாரத்தில் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. வழக்கு சாவகச்சேரி நீதிமன்றத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

"அருளம்பலம் அண்ணை, எங்கடை கம்பியைக் கண்டனீங்களோ?"

"பிடுங்கினதே நான்தான்! எல்லைக்கல்லு போட ஏலாதெண்டு கம்பி அறையிறியளோ? நாளைக்கு அளக்க வாறவனுக்குக் காட்டவோ?"

"ஐயோ, அது றேடியோவுக்கு அறைஞ்சது."

"றேடியோ வீட்டுக்குள்ளை. கம்பிக்கு என்னத்துக்கு வேலிக்கரை?"

"உங்கடை வாழைத்தண்ணி ஊறுறது இவ்விடம்தான். ஈரம் இல்லாட்டில் அது இரையுது. எங்கடை மிச்சக் காணியெல்லாம் காஞ்ச மணல்." அவள் வேலியைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை பாடப் போறாள், அண்ணை. அவளின்ரை குரல் கேட்டுக் கனகாலம்."

வழக்கு வழக்குத்தான், ஆனால் மியூரியலைச் சின்ன வயதில் தோளில் தூக்கித் திரிந்தவரும் அருளம்பலம்தான். கொட்டிலுக்குள் போய்க் கம்பியை எடுத்துவந்தவர், அதை அவளிடம் கொடுக்காமல், தன் வாழைப்பாத்திக்குள்ளேயே அறைந்தார்.

"இப்ப இது என்ரை காணிக்குள்ளை நிக்குது. ஒருத்தரும் எல்லை கதைக்கேலாது. வயரை இஞ்சாலை விடு, பிள்ளை."

வயரைச் சுற்றியதும் உள்ளே இரைச்சல் அடங்கியது.

"பார்த்தியே, வால்வுதான் பிழை!" என்று ஐசாக் கத்தியது வேலிவரை கேட்டது. அருளம்பலம் சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்தார்.

பாட்டுத் தொடங்கியது. சுகிர்தம் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு இருந்தாள். மேலே போன ஓரிடத்தில் குரல் சற்றே கரகரத்தது.

"பிள்ளைக்குத் தடிமன்," என்றாள்.

"ஓம். சின்னனிலையும் உப்பிடித்தான். கவனிக்காட்டில் நெஞ்சிலை இறங்கிவிடும்."

சொன்ன பிறகுதான் ஐசாக்குக்குத் தான் சொன்னது உறைத்தது. பாட்டு முடியும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காலமை கொழும்புக் கோச்சியிலை ஏற வெளிக்கிடு," என்றார் கடைசியில். "பிள்ளைக்கு அவிச்சுக் குடுக்கக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் கட்டு. நானும் வாறன்."